தடைப்பலகை திறக்காதது ஏன்?

அக்குறணையிலிருந்து மாணவர் ஒருவர் எமக்கு ஒரு வினாவை அனுப்பியிருக்கின்றார். கணினியிலே போர்விமானம் ஓட்டிப் பழகும் சிமுலேற்றர் விளையாட்டில், விமானத்தின் எயார் பிரேக் தம் சொற்படி கேட்பதில்லை என்பது அவர் குறை. ஜொய்ஸ்டிக் பழுதாகிவிட்டது, புதியது வேண்டும் என்கின்றார் அவர். உள்ளதைக் கொண்டு ஓட்டு என்கின்றாராம் அவருடைய வாப்பா. வழக்கு எம்மிடம் வந்துவிட்டபடியால், முறையாக விசாரித்தே தீர்ப்புக் கூறுவோம்.

முதலில் சொல்லில் உள்ள மயக்கத்தைத் தீர்ப்போம். அக்குறணைக் கடைவீதியை ஊடறுத்துச் செல்லும் ஏ-9 வீதியிலே, கண்டிக்கும் மாத்தளைக்கும் இடையே ஓடும் லொறிகள் ‘புஸ்’ என்று பெருமூச்சு விடுவதை அவ்வூரார் நாள்தோறும் கேட்கின்றனர். அதுவும் எயார் பிரேக்தான். அங்கே, தொட்டியில் அடைத்துவைத்த அமுக்கக் காற்று சில்லின் பிரேக்கை இயக்குகின்றது. வேலை முடிந்த காற்று வெளியேறும் ஓசையே அது. விமானத்தில் உள்ளதோ வேறு. இறகிலோ உடலிலோ பொருந்திய பலகை ஒன்று எழுந்து நின்று, எதிரே வரும் காற்றை மறிக்கின்றது. லொறியில் காற்று வேலையாள். விமானத்தில் காற்றே தடை. ஆதலின் இதனைத் தடைப்பலகை என்றே அழைப்போம்.

இத்தகைய பலகை பூண்ட விமானங்கள் நம் நாட்டு வானில் பறந்ததுண்டு. 1942 ஏப்ரல் 5 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, யப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்த விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அவற்றுள் ‘ஐச்சி டி3ஏ’ என்னும் பாய்குண்டு விமானங்களும் இருந்தன. உயரத்திலிருந்து மிகச் செங்குத்தான சரிவிற் பாய்ந்து குண்டெறிவது அவற்றின் தொழில். அங்ஙனம் பாயும்போது வேகம் கட்டுமீறினால் குறிபார்க்க நேரம் இராது; தரையில் மோதாமல் மீண்டெழுவதும் அரிது. அதற்காகவே இறகின் கீழே தடைப்பலகைகளைப் பூட்டியிருந்தனர். அதே மாதம் 9 ஆம் திகதி, மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில், ‘ஹேர்மிஸ்’ என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்தவை இவ்வகை விமானங்களே. 300 பேருக்கு மேல் மாண்டனர். விளையாட்டிலே தோற்றவன் மறுபடியும் தொடங்கலாம். அவர்களுக்கு அந்த வசதி இருக்கவில்லை.

கொழும்பைக் காக்க இரத்மலானையிலிருந்தும் குதிரைப் பந்தயத் திடலிலிருந்தும் ‘ஹரிக்கேன்’ விமானங்கள் எழுந்தன. அவற்றுக்குத் தடைப்பலகை கிடையாது. இங்கேதான் எமது முதல் வினா பிறக்கின்றது. நீர் ஓட்டும் விமானத்துக்குத் தடைப்பலகை உண்டா? இல்லாத உறுப்பைத் திறக்கச் சொல்லிப் பொத்தானை எத்தனை முறை அமுக்கினும் பயன் என்ன? விமானத்தின் கையேட்டைப் பார்த்து இதனை முதலில் உறுதிசெய்க.

பலகை உண்டெனில், இரண்டாவது வினா: கட்டளை போய்ச் சேருகின்றதா? விளையாட்டைத் தொடங்காமலே, ஜொய்ஸ்டிக்கைச் சோதிப்பதற்கெனக் கணினியில் உள்ள திரையைத் திறந்து பொத்தானை அமுக்கிப் பாரும். அங்கே விளக்குத் தெரிந்தால் கருவி நலமாயிருக்கின்றது. குற்றம் அமைப்பிலே ஒளிந்திருக்கும். ஒரே பொத்தானுக்கு இரண்டு வேலைகள் கொடுக்கப்பட்டிருக்கலாம். பல சிமுலேற்றர்களில் ஒவ்வொரு விமானத்துக்கும் அமைப்பு வெவ்வேறாகும். ஒன்றுக்குச் செய்த ஏற்பாடு மற்றொன்றுக்குச் செல்லாது. ‘திற’, ‘மூடு’, ‘மாற்று’ என மூன்று கட்டளைகள் தனித்தனியே இருப்பதும் உண்டு. ‘திற’ என்பதை மட்டும் அமைத்துவிட்டு மூடவில்லையே என்று வருந்துவோரும் உளர்.

மூன்றாவது வினா: கட்டளை சேர்ந்தும் விமானத்தால் கீழ்ப்படிய முடிகின்றதா? ஜெற் விமானங்கள் பலவற்றில் எண்ணெயின் அமுக்கமே பலகையைத் தள்ளுகின்றது. எந்திரம் நின்றாலும், எதிரியின் குண்டு குழாயைத் துளைத்தாலும் அந்த அமுக்கம் குன்றிப் பலகை அசையாது போகலாம். சிலவற்றில் வேண்டுமென்றே கட்டுப்பாடு வைத்திருக்கின்றனர். ‘எப்-16’ விமானத்தின் பலகைகள் 60 பாகை வரை விரியும். சில்லுகளை இறக்கியதும் 43 பாகையோடு நின்றுவிடும். இறங்கும்போது பலகை ஓடுபாதையில் உரசாதிருக்கவே இந்த ஏற்பாடு. இதனைப் பழுதென்று கொள்ளலாகாது.

நான்காவது வினாவையே பலரும் மறந்துவிடுகின்றனர். பலகை திறந்தும் நீர் உணரவில்லையோ? ஆசனத்திலிருந்து பார்த்தால் பல விமானங்களில் அது தெரியாது. வெளிப்புறக் காட்சிக்கு மாறி நோக்குக. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவது. மணிக்கு 800 கிலோமீற்றர் வேகத்தில் உள்ள தடை, 400 கிலோமீற்றரில் நாலில் ஒன்றாகிவிடும். மெதுவாகப் பறக்கையில் பலகை வலுவிழந்ததுபோலத் தோன்றுவது இதனாலேயே. எந்திரத்தை முழு வலுவில் ஓடவிட்டுக்கொண்டு பலகையை நோவதும் முறையன்று.

வாப்பாவுக்கும் ஒரு வார்த்தை கூறவேண்டும். பாவனை விமானம் வெறும் பொழுதுபோக்கன்று. அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர், தம் தந்தையின் ஓகன் வாத்தியத் தொழிற்சாலையில் இருந்த துருத்திகளைக் கொண்டு 1929 இல் ஒரு பயிற்சி விமானத்தை அமைத்தார். அதனை வாங்குவார் அரிதாயிருந்தனர். 1934 இல் தபால் ஏற்றிச் சென்ற இராணுவ விமானிகள் பலர் மோசமான வானிலையில் மாண்ட பின்னரே, இராணுவம் ஆறு பொறிகளை வாங்கியது. தரையிலிருந்தபடியே தவறு செய்து திருந்தக் கிடைத்த வாய்ப்பு எத்தனையோ உயிர்களைக் காத்தது.

இனித் தீர்ப்பு. சோதனைத் திரையில் விளக்குத் தெரியாது, வேறொரு யூ.எஸ்.பி துளையில் மாட்டிப் பார்த்தும் பயனில்லையெனில், வழக்கில் மகன் வென்றார். புதியதை வாங்கிக் கொடுப்பதே நியாயம். விளக்குத் தெரிந்தால் வாப்பாவே வென்றார். காசு பெட்டியிலேயே இருக்கட்டும். உறுப்பு உண்டா, கட்டளை சேர்ந்ததா, கீழ்ப்படிய இயலுமா, விளைவை ஒழுங்காக அளந்தோமா என்னும் இந்நான்கையும் இதே வரிசையிற் கேட்கப் பழகிய மாணவன், நின்றுபோன தண்ணீர்ப் பம்பியின் முன்னும் திகைத்து நிற்கமாட்டான்.