கல்விக் கடன் வட்டி: வரிப் பாரத்தில் ஏன் இடமில்லை?

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் நம் வீடுகளில் வருமான வரிப் பாரம் பற்றிய பேச்சும் தொடங்கிவிடும். பிள்ளையை மருத்துவமோ பொறியியலோ படிக்க வெளிநாட்டுக்கு அனுப்பிய குடும்பங்களில் கூடுதலாக ஒரு கேள்வி எழும். “படிப்புக்காக வங்கியில் வாங்கிய கடனுக்கு மாதாமாதம் வட்டி கட்டுகிறோமே, அதை வரியில் கழிக்க முடியாதா?”

முடியாது என்பதே இதற்கான பதில். மலேசியாவில் கல்விக் கடன் வட்டிக்கென்று வரிக் கழிவு எதுவும் இல்லை. உள்நாட்டு வங்கிக் கடன், வெளிநாட்டில் எடுத்த கடன், பி.டி.பி.டி.என். கடன் ஆகிய மூன்றுக்கும் இதே நிலைதான்.

இந்தக் குழப்பத்திற்கு ஒரு காரணம் உண்டு. வரி பற்றித் தமிழில் தேடுபவர்களின் கைப்பேசிக்கு வரும் காணொளிகளில் பல தமிழ்நாட்டில் தயாரானவை. இந்தியாவில் ‘80இ’ பிரிவு என்று அறியப்படும் சலுகையின்படி, உயர்கல்விக் கடனுக்குக் கட்டிய வட்டி முழுவதையும் எட்டு ஆண்டுகள் வரை வருமானத்திலிருந்து கழிக்கலாம். வெளிநாட்டுப் படிப்புக்கும் இது பொருந்தும். ஆனால், அங்கும் பழைய வரி முறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கே அது கிடைக்கும். அமெரிக்காவிலும் ஆண்டுக்கு 2,500 டாலர் வரையிலான கல்விக் கடன் வட்டிக்குக் கழிவு உண்டு. இவை அந்தந்த நாட்டு வரிச் சட்டங்கள். கிள்ளானிலோ சுங்கை சிப்புட்டிலோ இருப்பவரின் பாரத்தில் அவற்றுக்கு இடமில்லை.

சட்டம் சொல்லும் காரணம்

நமது 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் வட்டியைப் பார்க்கும் விதமே வேறு. கடன் வாங்கிய பணம் வருமானம் ஈட்டப் பயன்பட்டால், அதற்கான வட்டியை அந்த வருமானத்திலிருந்து கழிக்கலாம். கடைக்குச் சரக்கு வாங்க எடுத்த கடனும் வாடகைக்கு விட்ட வீட்டின் கடனும் இந்த வகையில் சேரும். படிப்புச் செலவைச் சட்டம் சொந்தச் செலவாகவே கருதுகிறது. ஆகவே, சொந்தத் தொழில் செய்பவர் மகளின் கல்விக் கடன் வட்டியை நிறுவனச் செலவில் சேர்த்தாலும் அது செல்லாது.

அப்படியானால் குடும்பத்திற்கு எந்தச் சலுகையும் இல்லையா? இருக்கிறது. ஆனால், அது வட்டிக்கல்ல, பிள்ளைக்கு. 18 வயதைக் கடந்த, திருமணமாகாத பிள்ளை வெளிநாட்டில் முழு நேரமாக இளங்கலைப் பட்டமோ அதற்கு மேலோ படித்தால், பெற்றோரில் ஒருவர் 8,000 ரிங்கிட் கழிவு கோரலாம். உள்நாட்டில் என்றால் டிப்ளோமா படித்தாலே போதும். கட்டணத்தைக் கடன் வாங்கிக் கட்டினார்களா, சேமிப்பிலிருந்து கட்டினார்களா என்று வரி வாரியம் பார்ப்பதில்லை.

இதில் இரண்டு இடங்களில் பலர் தடுக்கி விழுகிறார்கள். முதலாவது, அந்தக் கல்விக்கூடமும் படிப்பும் சம்பந்தப்பட்ட அரசாங்கத் துறையின் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். முகவர் சொன்னதை மட்டும் நம்பிப் பிள்ளையை அனுப்பியவர்களுக்கு இங்கே சிக்கல் வரலாம். இரண்டாவது, பட்டப்படிப்புக்கு முந்திய ஆயத்தப் படிப்பில் இருக்கும் ஆண்டுக்கு 2,000 ரிங்கிட் மட்டுமே கிடைக்கும், 8,000 அல்ல.

வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள் தங்கள் படிப்புக் கட்டணத்திற்கு 7,000 ரிங்கிட் வரை கழிவு கோரலாம். ஆனால், அது மலேசியாவில் உள்ள அங்கீகரிக்கப்பட்ட கல்விக்கூடங்களுக்கே பொருந்தும். பிள்ளையின் பெயரில் எஸ்.எஸ்.பி.என். கணக்கில் சேமிப்போருக்கு 8,000 ரிங்கிட் வரை கழிவு உண்டு. அந்த ஆண்டில் போட்ட பணத்திலிருந்து எடுத்ததைக் கழித்து, மிச்சம் இருப்பதே கணக்கில் வரும்.

வீட்டுக்கு உண்டு, படிப்புக்கு இல்லை

உண்மையான சிக்கல் பட்டமளிப்பு விழாவுக்குப் பிறகுதான் தொடங்குகிறது. படிப்பு முடிந்ததும் 8,000 ரிங்கிட் கழிவு நின்றுவிடும். கடன் நிற்பதில்லை. வங்கிக்குத் தவணை கட்ட வேண்டிய ஆண்டுகளில் வரிப் பாரம் அந்தச் சுமையைக் கண்டுகொள்வதே இல்லை.

2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் முதல் வீடு வாங்குவோருக்கு வட்டிக் கழிவைக் கொண்டுவந்தது. 2025 முதல் 2027 வரை ஒப்பந்தம் செய்வோர், 5 லட்சம் ரிங்கிட் வரையிலான வீட்டுக்கு ஆண்டுக்கு 7,000 ரிங்கிட் வரை வட்டியைக் கழிக்கலாம். வீட்டுக் கடன் வட்டிக்கு மனமிரங்கும் அரசாங்கம் கல்விக் கடன் வட்டிக்கும் இரங்கக்கூடாதா என்ற கேள்வி நியாயமானதே. கல்வியால் மட்டுமே தோட்டத்தை விட்டு வெளியேறி முன்னுக்கு வந்த சமூகத்திற்கு அது இன்னும் நியாயமாகத் தெரியும்.

ஆனால், கணக்கையும் பார்க்க வேண்டும். ஒருவர் ஆண்டுக்கு 4,000 ரிங்கிட் வட்டி கட்டுவதாக வைத்துக்கொள்வோம். வரி விதிக்கத்தக்க வருமானம் 80,000 ரிங்கிட் உள்ளவருக்குக் கழிவு கிடைத்தால் 19 விழுக்காட்டில் 760 ரிங்கிட் மிச்சமாகும். அதே வட்டியைக் கட்டும் 45,000 ரிங்கிட் வருமானக்காரருக்கு 6 விழுக்காட்டில் 240 ரிங்கிட்தான். குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்டில் குடும்பம் நடத்தும் தோட்டத் தொழிலாளிக்கு வரியே இல்லை, அதனால் கழிவால் ஒரு காசும் கிடைக்காது. மிகவும் சிரமப்படுபவருக்குத்தான் உதவி போய்ச் சேராது.

ஆகவே, வரிக் கழிவு கேட்பதோடு கோரிக்கை நின்றுவிடக்கூடாது. பி.டி.பி.டி.என். கடனுக்கு ஆண்டுக்கு 1 விழுக்காடு சேவைக் கட்டணம்தான். ஆனால், அது உள்நாட்டுப் படிப்புக்கு உரியது. வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் வங்கி வட்டியை நம்ப வேண்டியிருக்கிறது. இடைவெளி அங்கேதான் இருக்கிறது. ஏழைக் குடும்பத்திற்குக் குறைந்த வட்டிக் கடனும், வேலை கிடைக்கும்வரை தவணை அவகாசமும்தான் வரிக் கழிவைவிடக் கூடுதலாகக் கைகொடுக்கும்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது எளிது. இல்லாத கழிவைப் பாரத்தில் எழுதாதீர்கள். தணிக்கையில் பிடிபட்டால் விடுபட்ட வரியோடு அபராதமும் சேரும். உரிய கழிவை விட்டுவிடவும் வேண்டாம். பல்கலைக்கழகச் சேர்க்கைக் கடிதம், மாணவர் உறுதிக் கடிதம், கட்டண ரசீது ஆகியவற்றை ஏழு ஆண்டுகள் பத்திரமாக வைத்திருங்கள். சம்பளக்காரர்களுக்குப் பாரம் அனுப்பக் கடைசி நாள் ஏப்ரல் 30. இணையம் வழி அனுப்புவோருக்கு வழக்கமாக மே 15 வரை அவகாசம் தரப்படுகிறது.

கடன் வாங்கும் முன்பே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. வட்டியில் ஒரு பகுதி வரியில் திரும்பி வரும் என்று நம்பிக் கையெழுத்துப் போட்டால், அந்தப் பணம் வராது. தவணை மட்டும் மாதம் தவறாமல் வரும்.