கண்டக்டரின் மாடிப்படி

உடம்பும் மனசும் நன்றாக இருக்க என்ன செய்ய வேண்டும் என்று நிபுணர்களைக் கேட்டால் வரும் பதிலில் புதிதாக எதுவும் இருப்பதில்லை. நடங்கள், நேரத்துக்குத் தூங்குங்கள், காய்கறி சேர்த்துக்கொள்ளுங்கள், நாலு பேரோடு கலந்து பழகுங்கள். இதெல்லாம் தெரியாததால் நடக்காமல் இருப்பவர் என்று ஒருவரைக்கூடத் தேடிப் பிடிக்க முடியாது. அறிவுரை தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. அது போய்ச் சேரும் விலாசம்தான் உறுத்துகிறது. எப்போதும் அது தனி ஆளின் மனவுறுதிக்கே எழுதப்படுகிறது. ஆனால் அந்த அறிவுரைக்கு ஆதாரமாகக் காட்டப்படும் ஆய்வுகளைப் புரட்டிப் பார்த்தால், அங்கே பலன் தந்ததில் பெரும்பங்கு யாரோ செய்துவைத்த ஏற்பாட்டுக்குப் போகிறது.

உடற்பயிற்சிக்கும் இதயத்துக்கும் உள்ள உறவைப் பற்றிய நவீன ஆராய்ச்சி லண்டன் மாடி பஸ்ஸில் தொடங்கியது எனலாம். ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் 35 முதல் 64 வயது வரையுள்ள சுமார் 31 ஆயிரம் போக்குவரத்து ஊழியர்களின் நோய்க் கணக்கை எடுத்து, 1953இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். டிரைவரும் கண்டக்டரும் ஒரே வண்டியில், ஒரே புகையில், ஒரே நெரிசலில் பிழைத்தவர்கள். டிரைவர் ஷிப்டில் பத்தில் ஒன்பது பங்கு உட்கார்ந்தே இருந்தார். கண்டக்டரோ ஒரு நாளைக்கு 500 முதல் 750 படி வரை ஏறினார். மாரடைப்பு கண்டக்டர்களுக்குக் குறைவாக வந்தது; வந்தாலும் வயது கடந்து வந்தது; வந்த உடனே உயிர் போவதும் குறைவாக இருந்தது. கவனிக்க வேண்டியது, இவர்களில் யாரும் ஆரோக்கியத்துக்காக மாடி ஏறவில்லை. மேலே ஒருவன் டிக்கெட் எடுக்காமல் உட்கார்ந்திருப்பான் என்பதற்காக ஏறினார்கள். நம் சென்னை பஸ்ஸில் கண்டக்டர் பின் சீட்டில் உட்கார்ந்தபடியே இருக்க, காசு கைமாறி வந்து டிக்கெட் கைமாறிப் போவதை மாரிஸ் பார்த்திருந்தால் அவருக்கு ஆய்வே கிடைத்திருக்காது.

உடனே ஒரு மறுப்பு எழும். ஒல்லியாக, சுறுசுறுப்பாக இருந்தவர்கள் கண்டக்டர் வேலையைத் தேடிப் போயிருக்கலாமே? பருத்தவர்கள் டிரைவர் சீட்டில் அமர்ந்திருக்கலாமே? மாரிஸ் குழுவே இதைக் கிளப்பி, விடை தேடி, யாரும் எதிர்பார்க்காத ஓர் இடத்துக்குப் போனது: சீருடைக் கணக்கு. எந்த ஊழியருக்கு எந்த இடுப்பளவில் கால்சட்டை தைத்துக் கொடுத்தார்கள் என்ற பதிவேடு போக்குவரத்து நிர்வாகத்திடம் இருந்தது. 1956இல் வெளிவந்த கட்டுரை, டிரைவர்களின் கால்சட்டைதான் பெரியது என்று ஒப்புக்கொண்டது. தன் வாதத்துக்கு எதிரான சாட்சியைத் தானே கூண்டில் ஏற்றும் ஆய்வாளர்கள் அபூர்வம். ஆனால் இடுப்பளவு ஒரே மாதிரி இருந்தவர்களைத் தனியே எடுத்துப் பார்த்தபோதும் திடீர் மரணம் டிரைவர் பக்கமே அதிகம் சாய்ந்தது. உடல்வாகு கணக்கில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டது. மாடிப்படியின் பங்கு மிச்சம் இருந்தது.

மனசுக்கு வருவோம். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் புளுமெந்தால் குழு 1999இல் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வு நோய் இருந்த, 50 வயதைத் தாண்டிய 156 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு செர்ட்ராலின் மாத்திரை, இன்னொன்றுக்கு உடற்பயிற்சி, மூன்றாவதற்கு இரண்டும். 16 வாரம் முடிந்தபோது மூன்று பிரிவிலும் முன்னேற்றம் ஏறக்குறைய ஒன்றே; மாத்திரை மட்டும் கொஞ்சம் சீக்கிரம் கேட்டது. இதைப் பத்திரிகைகள் ‘நடந்தால் போதும், மாத்திரை வேண்டாம்’ என்று சுருக்கிக்கொண்டன. அந்தச் சுருக்கத்தில் விடுபட்டது, அவர்கள் எப்படி நடந்தார்கள் என்பது. வாரத்துக்கு மூன்று நாள், குறித்த நேரத்தில், கூட்டமாக, ஒரு பயிற்சியாளர் பார்த்துக்கொண்டிருக்க நடந்தார்கள். அப்படியானால் குணமாக்கியது நடையா, துணையா? 2007இல் அதே குழு 202 பேரை வைத்து இதைப் பிரித்துப் பார்க்க முயன்றது. மேற்பார்வையில் பயிற்சி செய்தவர்களில் 45 சதவீதம் பேருக்கும், வீட்டிலேயே செய்தவர்களில் 40 சதவீதம் பேருக்கும், மாத்திரை சாப்பிட்டவர்களில் 47 சதவீதம் பேருக்கும் நோய் விலகியது. மருந்தே இல்லாத வெற்று மாத்திரைக்கும் 31 சதவீதம். நாற்பதுக்கும் நாற்பத்தைந்துக்கும் உள்ள இடைவெளியை வைத்துக்கொண்டு நான் கோட்டை கட்ட மாட்டேன். ஆனால் அந்த 31 எதையோ சொல்கிறது. மாத்திரையில் ஒன்றுமில்லை; ஆனால் முறையாக வரச் சொல்லி, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க ஓர் ஆள் இருந்தார். நோய் தானாகத் தணிவதும் உண்டு என்றாலும், அந்தக் கேள்விக்குப் பங்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு டாக்டரைக் கேட்காமல் நிறுத்திவிடக் கூடாது. படுக்கையை விட்டு எழ முடியாமல் போவதே மனச்சோர்வின் அடையாளங்களில் ஒன்று. அப்படிப்பட்டவரிடம் ‘எழுந்து நாலு தப்படி நடங்க, எல்லாம் சரியாயிடும்’ என்பது, காய்ச்சலைக் குறைத்துக்கொண்டு வா, அப்புறம் ஊசி போடுகிறேன் என்பதற்குச் சமம். கோவாவில் விக்ரம் படேல் குழு செய்த காரியத்தை இங்கேதான் வைத்துப் பார்க்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, கடுமையான மனச்சோர்வு இருந்த 495 பேரை எடுத்துக்கொண்டார்கள். மனநலப் படிப்பே இல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, நோயாளிகளில் ஒரு பிரிவினர் ஒவ்வொருவரோடும் ஆறு முதல் எட்டு முறை உட்கார்ந்து பேச வைத்தார்கள். பேச்சின் சாரம் எளிமையானது: நீங்கள் விட்டுவிட்ட காரியங்களில் எதை இந்த வாரம் திரும்ப எடுக்கலாம்? மூன்று மாதத்தில் அந்தப் பிரிவில் 64 சதவீதம் பேருக்கு நோய் விலகியிருந்தது. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39. 2017இல் வெளியான கணக்கு இது. சொன்ன விஷயம் நம் வீட்டுப் பாட்டிக்கும் தெரிந்ததுதான். அடுத்த வாரமும் ஒருவர் எதிரே வந்து உட்கார்ந்து கேட்டார் என்பதுதான் வித்தியாசம்.

எல்லாவற்றையும் ஏற்பாட்டின் தலையில் கட்டிவிட்டால் மனிதனுக்குப் பொறுப்பே இல்லையா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்கும் மாரிஸிடமே சான்று உண்டு: மேஜை வேலை பார்த்த சுமார் 17 ஆயிரம் பிரிட்டிஷ் அரசு அதிகாரிகளில், ஓய்வு நேரத்தில் தாமாகவே கடுமையாக உடற்பயிற்சி செய்தவர்களுக்கு இதயநோய் குறைவாக வந்தது. மனவுறுதிக்குப் பலன் உண்டு. ஆனால் அவர்களுக்குச் சனிக்கிழமை விடுமுறை என்று ஒன்று இருந்தது. டென்மார்க்கில் ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மன் குழு ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களை வைத்துச் செய்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், ஓய்வு நேரத்து அசைவு ஆயுளைக் கூட்டியது. வேலையிடத்துக் கடும் உழைப்போ ஆபத்தைக் கூட்டியது. இதில் வறுமைக்கு எவ்வளவு பங்கு, உழைப்புக்கு எவ்வளவு என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. கண்டக்டர் ஏறியது கையில் சுமையில்லாமல், விட்டுவிட்டு. கோயம்பேடு சந்தையில் விடியற்காலை வெங்காய மூட்டை இறக்குபவரிடம் வாரத்துக்கு 150 நிமிடம் உடலை அசையுங்கள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கைச் சொல்ல எனக்கு வாய் வராது.

மூட்டை இறக்குபவருக்கு வேண்டிய மருந்து ஓய்வு. அதையும் ஏற்பாடு செய்தால்தான் கிடைக்கும். ஜவுளிக்கடையில் காலையிலிருந்து இரவு வரை நின்றபடியே புடவையை விரித்து மடித்த பெண், மேலாளர் கண் அந்தப் பக்கம் திரும்பும் நேரம் பார்த்து அலமாரி விளிம்பில் இடுப்பைச் சாய்த்து, ஒரு காலை மட்டும் செருப்பிலிருந்து உருவி மறு காலின் மேல் வைத்துக்கொள்வாள். எந்த நிபுணரும் அவளுக்குச் சொல்லித்தர ஒன்றுமில்லை. 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு உட்கார இருக்கை வேண்டும் என்று சேர்த்தார்கள். கேரளம் அதற்கு முன்பே, 2018இல், செய்துவிட்டது. கால் நரம்புச் சுருட்டலுக்கு எத்தனை யோகாசன வகுப்பு எடுத்தாலும் ஒரு ஸ்டூலுக்கு ஈடாகாது. சட்டம் வந்துவிட்டதே தவிர, கல்லாவின் எதிரே அவள் உட்கார்ந்தால் மரியாதைக் குறைவு என்று நினைக்கிற வாடிக்கையாளர் இன்னும் இருக்கிறார்.

2023 நவம்பரில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை என்று தமிழ்நாடு அரசு ஒரு திட்டம் தொடங்கியது. நல்லதுதான், ஏற்கெனவே நடக்கிறவர்களுக்கு இன்னும் நல்லது. ரேஷன் கடைக்குப் போகிற 400 மீட்டரில் நடைமேடை முழுக்க டிரான்ஸ்பார்மரும் நிறுத்திவைத்த பைக்கும் இருந்தால், முழங்கால் வலிக்கார அம்மா ஆட்டோதான் கூப்பிடுவார். இதைவிட எனக்கு நம்பிக்கை தருவது 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுத்துக்கொண்டு ஒரு பெண் தன்னார்வலர் வீட்டு வாசலுக்கே வருகிறார். கோவாவில் பலித்த ஏற்பாட்டில் பாதி, தமிழ்நாட்டுத் திண்ணைகளில் இப்போதே நடந்துகொண்டிருக்கிறது. மிச்சப் பாதிக்கு அந்தத் தன்னார்வலருக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும், கூடுதல் வேலைக்குக் கூடுதல் சம்பளமும் கொடுக்க வேண்டும். பிறகு, மாத்திரை அட்டையைக் கையில் கொடுத்துவிட்டு உடனே கிளம்பாமல், ‘ராத்திரி தூக்கம் வருதாம்மா? போன வாரம் கோயிலுக்குப் போறேன்னீங்களே, போனீங்களா?’ என்று கேட்க அவருக்குப் பத்து நிமிடம் வேண்டும்.