மகவேற்கும் முன் ஒரு கேள்வி



இறந்தோரின் ஆண்டு நினைவு நாளிலும் பிள்ளைகளின் பிறந்த நாளிலும் சிறுவர் இல்லமொன்றுக்கு மதிய உணவு வழங்குவது எமது குடும்பங்களில் வேரூன்றிய நல்ல வழக்கம். உணவு பரிமாறிப் புறப்படும் வேளையில் ஒரு சின்னக் கை உங்கள் சேலைத் தலைப்பைப் பற்றிக்கொள்ளும். மகப்பேறு வாய்க்காத தம்பதியராயின், "அந்தப் பிள்ளையை நாமே எடுத்து வளர்த்தால் என்ன?" என்ற கேள்வி அன்றிரவே வீட்டில் எழுந்துவிடும். எழட்டும். ஆனால் அன்றிரவே அதற்கு விடை சொல்லிவிட வேண்டாம்.

அப்பிள்ளையை அநாதை என்று நாமாக முடிவுகட்டலாகாது. எமது நாட்டுச் சிறுவர் இல்லங்களில் வாழ்வோருள் பெரும்பாலானோருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருக்கின்றனர். வறுமையும் குடியும் பெற்றோரின் பிரிவும், தாய் மத்திய கிழக்குக்கு வேலை தேடிச் சென்றமையும் அவர்களை அங்கே கொண்டுவந்து சேர்த்திருக்கும். மாதந்தோறும் சிறு உதவி கிடைத்தால் பிள்ளையை மீண்டும் வீட்டுக்கு அழைத்துக்கொள்ளக்கூடிய தாய்மாரும் உளர். அத்தகைய இடத்தில் தாயைத் தாங்குவதே பிள்ளைக்குச் செய்யும் அன்பு. நாணற்புதரில் கண்டெடுத்த குழந்தையைப் பார்வோனின் மகள், அறியாமலேயே, பெற்ற தாயிடம் ஒப்படைத்துக் கூலியும் கொடுத்தாள். குழந்தை வளர்ந்த பின்னரே அவன் அவளுக்கு மகனானான் என்கிறது விடுதலைப் பயண நூலின் 2ஆம் அதிகாரம்.

பெற்றோரிடம் திரும்ப வழியே இல்லாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே 1941ஆம் ஆண்டின் மகவேற்புக் கட்டளைச் சட்டம் உள்ளது. மகவேற்போர் 25 வயதுக்குக் குறையாதவராகவும், உறவுப் பிள்ளை அல்லவெனில் பிள்ளையிலும் 21 வயதேனும் மூத்தவராகவும் இருத்தல் வேண்டும். நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார், நீதிமன்றம் கட்டளையிடும். பத்து வயதைக் கடந்த பிள்ளையாயின் அதன் சம்மதமும் கேட்கப்படும். காத்திருப்பு நீளும்போது, "ஏன் இந்த அலைச்சல்? ஏழைத் தாயொருத்தியிடம் நேரே வாங்கித் தருகிறேன், பிறப்புப் பதிவிலேயே உங்கள் பெயரைப் போட்டுவிடலாம்" என்று சொல்ல ஒருவர் வரக்கூடும். அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

அந்தக் குறுக்குவழியின் விளைவை நாடு கண்டிருக்கிறது. 1970களிலும் 1980களிலும் ஆயிரக்கணக்கான இலங்கைக் குழந்தைகள் ஐரோப்பாவுக்குக் கொடுக்கப்பட்டனர். அவர்களுட் பலரின் பத்திரங்கள் பொய்யானவை. 2020இல் சுவிற்சர்லாந்து அரசு வருத்தம் தெரிவித்தது. 2021இல் நெதர்லாந்து அரசு மன்னிப்புக் கோரியது. அன்றைய குழந்தைகள் இன்று நடுவயதினராய் இங்கு வந்து தாயைத் தேடுகின்றனர். சிலர் கையிலுள்ள பெயரே பொய்ப்பெயர். அன்பான வீடுகளில் வளர்ந்தவர்களும் அவர்களுள் உண்டு. அந்த அன்பு தேடலை நிறுத்திவிடவில்லை.

ஆகவே தீர்மானிக்குமுன் கணவனும் மனைவியும் தமக்குள் கேட்கவேண்டிய கேள்வி, இப்பிள்ளையை நேசிப்போமா என்பதோடு முடிவதில்லை. இப்பிள்ளையிடம் உண்மையைச் சொல்வோமா? எமது சமூகத்தில் இது எளிதன்று. வீடு மாறி, ஊர் மாறி, பிள்ளைக்குத் தெரியாமல் காக்கவே பலர் முயல்கின்றனர். பின்னர் ஒரு கலியாண வீட்டிலோ காணிப் பிணக்கிலோ உறவினர் ஒருவரின் வாயிலிருந்து அது வெளிவருகிறது. இருபது வயதில் அப்படி அறியும் பிள்ளை, வளர்த்தவர்கள் சொன்ன எல்லாவற்றையும் ஐயுறத் தொடங்கும். மூன்று வயதில் கதையாகக் கேட்டு வளரும் பிள்ளைக்கு அது தன் கதையாகவே இருக்கும். இதைச் சொல்லும் துணிவு இன்னும் வரவில்லையெனில், சிறிது காலம் பொறுத்திருங்கள். அதில் வெட்கமில்லை.

"ஒன்றை எடுத்து வளர்த்தால் வயிற்றிலும் ஒன்று தங்கும்" என்ற பேச்சுக்காக மகவேற்பதும் தகாது. சொந்தப் பிள்ளை பிறந்த அன்று மற்றப் பிள்ளை என்னவாகும்? "யாருடைய இரத்தமோ" என்று முணுமுணுக்கும் மாமியாருக்குத் திருச்சபையின் சட்டத்தைக் காட்டலாம். நாட்டுச் சட்டப்படி மகவேற்கப்பட்டவர் ஏற்றவர்களின் பிள்ளையே என்கிறது 110ஆம் பிரிவு. சட்டப்படி மகவேற்பால் உடன்பிறந்தோரானவர்கள் தமக்குள் மணம்புரியவும் இயலாது என 1094ஆம் பிரிவு தடைவிதிக்கிறது. இரத்த உறவுக்கு இடும் வேலியை இங்கும் இட்டிருக்கிறது திருச்சபை.

புனித சூசையப்பரை இவ்விடத்தில் நினையாமல் இருக்க இயலாது. பிள்ளைக்கு யேசு எனப் பெயரிட்டவர் அவரே. பன்னிரண்டு வயதில் ஆலயத்தில் மூன்றாம் நாள் கண்டுபிடித்தபோது, உம் தந்தையும் நானும் தேடினோமே என்று மரியா கலங்கிச் சொல்ல, தம் தந்தையின் இல்லத்தைப் பற்றி மகன் பேசுகிறார். சூசையப்பர் பக்கத்தில் நிற்கிறார். அந்தச் சொல் அவருக்கு எப்படி இருந்ததென நற்செய்தியாளர் லூக்கா எழுதவில்லை. அவர் கோபித்ததாகவும் இல்லை, விளக்கம் கேட்டதாகவும் இல்லை. அவர்களோடு மகன் நாசரேத்துக்குத் திரும்பிச் சென்றார் என்று எழுதியிருக்கிறார்.