பஸ்ஸில் குடியிருப்பவருக்கு யார் காப்புறுதி தருவார்?

பிரித்தானியாவில் வீட்டு வாடகை ஒரு சாதாரண தொழிலாளியின் சம்பளத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. அதனால் பழைய வான், மினிபஸ், அம்புலன்ஸ் என்று கிடைப்பதை வாங்கி, உள்ளே கட்டிலும் அடுப்பும் பொருத்தி, அதிலேயே குடியிருப்பவர்கள் அங்கு இருக்கிறார்கள். பிரிஸ்டல் போன்ற நகரங்களில் வீதியோரமாக நிற்கும் இந்த வாகனங்கள் உள்ளூர் அரசியல் பிரச்சினையாகவே மாறியிருக்கின்றன. ஊடகங்கள் இந்த வாழ்க்கையை இரண்டு விதமாகத்தான் காட்டுகின்றன. ஒன்று, வேலையை உதறிவிட்டு உலகம் சுற்றும் இளைஞர்களின் சுதந்திரம். மற்றது, அயலவர்களுக்குத் தொல்லை. இரண்டிலும் பேசப்படாத ஒரு விடயம் காப்புறுதி.

அதைச் சிறிய விடயமாகக் கருத முடியாது. பிரித்தானியாவில் மூன்றாம் தரப்புக் காப்புறுதி 1930ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டத்திலிருந்தே கட்டாயம். இன்று நடைமுறையில் இருக்கும் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, காப்புறுதி இல்லாமல் வாகனம் ஓட்டிப் பிடிபட்டால் பொலிஸார் 300 பவுண்ட் தண்டமும் சாரதி அனுமதிப்பத்திரத்தில் 6 புள்ளிகளும் விதிக்கலாம். வாகனத்தையும் கைப்பற்றலாம். மற்றவர்களுக்கு அது ஒரு கார் போன கதை. பஸ்ஸில் குடியிருப்பவருக்கு வீடு, உடுப்பு, சமையல் பாத்திரம், ஆவணங்கள் எல்லாம் ஒரே நாளில் போகும் கதை.

என் சின்னம்மாவின் மகன் ஒருவர் இந்தச் சிக்கலுக்குள் இருக்கிறார். வன்னியிலிருந்து போனவர். இரவுநேரக் களஞ்சிய வேலை. 16 இருக்கைகள் கொண்ட பழைய மினிபஸ் ஒன்றை வாங்கி, இருக்கைகளைக் கழற்றி, தானே பலகை அடித்து வீடாக்கியிருக்கிறார். காப்புறுதிக்காக நிறுவனம் நிறுவனமாகப் பேசிய பிறகு எனக்குச் சொன்னார்: "இது பஸ்ஸோ வீடோ எண்டு கேக்கினம் தங்கச்சி. பஸ் எண்டு சொன்னா எத்தினை பேரை ஏத்துறாய் எண்டு கேக்கினம். வீடு எண்டு சொன்னா நிரந்தர முகவரி என்ன எண்டு கேக்கினம்."

அந்த இரண்டு கேள்விகளுக்குள் முழுப் பிரச்சினையும் இருக்கிறது.

முதலாவது, பதிவு. பிரித்தானியாவின் சாரதி மற்றும் வாகனப் பதிவு நிறுவனம் ஒவ்வொரு வாகனத்தின் பதிவுப் புத்தகத்திலும் அதன் உடல் வகையைக் குறிப்பிடுகிறது. மாற்றியமைத்த வாகனம் ஒன்றை 'மோட்டார் கரவன்' என்று பதிய, முன்பு உள்ளே படுக்கை, மேசை, சமையல் வசதி, அலுமாரி இருப்பதே முக்கியமாகப் பார்க்கப்பட்டது. 2019இலிருந்து வெளித்தோற்றமும் பார்க்கப்படுகிறது. பக்கவாட்டில் இரண்டு யன்னல்கள், வசிக்கும் பகுதிக்குத் தனிக்கதவு, வெயில் மறைப்புச் சட்டம், உயர்ந்த கூரை, இரு பக்கமும் கரவன்களில் காணப்படுவது போன்ற கோடுகள் என்று பட்டியல் நீள்கிறது. உள்ளே ஒரு குடும்பமே வாழ்ந்தாலும், வெளியே கோடு போடாவிட்டால் அது கரவனாக ஏற்கப்படாமல் போகலாம்.

உடல் வகை மாறாதது காப்புறுதியைப் பாதிக்காது என்று அந்த நிறுவனம் சொல்கிறது. ஆனால் பதிவுப் புத்தகத்தில் 'மோட்டார் கரவன்' என்று இருந்தால்தான் காப்புறுதி என்று சொல்லும் நிறுவனங்களும் உண்டு. ஒருவர் மற்றவரைக் கைகாட்ட, நடுவில் நிற்பவர் வாகனச் சொந்தக்காரர்.

இரண்டாவது, முகவரி. கரவன் காப்புறுதிகளில் பெரும்பாலானவை விடுமுறைப் பயணத்துக்காக எழுதப்பட்டவை. வேறெங்கோ ஒரு வீடு இருக்கும், வாகனம் அந்த வீட்டு வாசலில் நிற்கும் என்ற எடுகோளில்தான் கட்டணம் கணிக்கப்படுகிறது. முழுநேரமும் அதிலேயே வசிப்பதைப் பல ஒப்பந்தங்கள் வெளிப்படையாகவே விலக்குகின்றன. அதாவது, இன்னொரு வீடு உள்ளவருக்குப் பாதுகாப்பு இலகுவாகக் கிடைக்கிறது. இதைத் தவிர வேறு வீடே இல்லாதவருக்கு அது கிடைப்பது கடினம்.

காப்புறுதி நிறுவனங்களின் பக்க நியாயத்தையும் பார்க்க வேண்டும். தொழிற்சாலையில் செய்த கரவனின் விலையும் பாரமும் உதிரிப்பாகங்களும் தெரிந்தவை. கையால் செய்த ஒன்றின் மின் இணைப்பை யார் செய்தார், காஸ் குழாயை யார் பொருத்தினார் என்று தெரியாது. தீப்பிடித்தால் உள்ளே ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். இந்தப் பயம் நியாயமானது. ஆனால் பயத்துக்குப் பதில் பரிசோதனையாக இருக்க வேண்டும், கதவை மூடுவதாக இருக்கக்கூடாது.

இங்கேதான் பொய் சொல்லும் ஆசை வருகிறது. உறவினர் வீட்டு முகவரியைக் கொடுத்து, "விடுமுறைக்கு மட்டும்" என்று எழுதிவிடலாம் என்று பலர் ஆலோசனை சொல்வார்கள். 2012ஆம் ஆண்டின் நுகர்வோர் காப்புறுதிச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. கேட்கப்பட்ட கேள்விக்கு வேண்டுமென்றே தவறான பதில் கொடுத்தால் நிறுவனம் ஒப்பந்தத்தையே இல்லாததாக்கலாம், கட்டிய பணத்தையும் பெரும்பாலும் திருப்பித் தரத் தேவையில்லை. கவனக்குறைவால் நேர்ந்த தவறு என்றால் இழப்பீட்டை விகிதப்படி குறைக்கலாம். விபத்தில் காயப்பட்டவருக்குக் கொடுத்த பணத்தைச் சொந்தக்காரரிடமே திருப்பிக் கேட்கவும் வழி உண்டு.

அண்ணா அந்த வழியில் போகவில்லை. முழுநேரமும் வசிக்கிறேன் என்று சொல்லியே தேடினார். மாற்றியமைத்த வாகனங்களுக்கென்றே இருக்கும் ஒரு தரகர் மூலம் கடைசியில் காப்புறுதி கிடைத்தது. படங்கள் அனுப்பினார், காஸ் இணைப்புக்குத் தகுதியுள்ளவரின் சான்றிதழ் எடுத்தார். ஆனால் உள்ளே இருக்கும் பொருட்களுக்குப் பாதுகாப்பு இல்லை. பஸ் எரிந்தால் பஸ்ஸுக்குப் பணம் வரும், வீட்டுக்கு வராது.

வாகனத்தில் வாழ்பவர்களை அங்கு அதிகாரம் சந்தேகத்துடன் பார்ப்பது புதிதல்ல. 1985 ஜூன் 1 அன்று ஸ்ரோன்ஹெஞ்ச் நோக்கிப் பழைய பஸ்களிலும் வான்களிலும் போனவர்களைப் பொலிஸார் மறித்து, வாகனங்களை அடித்து நொறுக்கி, 500க்கும் மேற்பட்டோரைக் கைது செய்தனர். நொறுக்கப்பட்டவற்றில் பல அவர்களின் வீடுகள். 2022இல் கொண்டுவரப்பட்ட பொலிஸ் சட்டம், அனுமதியின்றி மற்றவரின் காணியில் வாகனத்துடன் தங்கி, பெரும் பாதிப்பை ஏற்படுத்தி, வெளியேறச் சொல்லியும் போகாதிருப்பதைக் குற்றமாக்கியிருக்கிறது. வாகனத்தைக் கைப்பற்றவும் அதில் இடமுண்டு.

இதை எங்கள் வாசகர்களுக்கு ஏன் எழுதுகிறேன்? வாகனம் வீடாவது எப்படி என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2009இல் வன்னியில் உழவு இயந்திரப் பெட்டிக்கும் லொறிக்கும் கீழே குடும்பங்கள் இருந்தன. முள்ளிவாய்க்காலில் கைவிடப்பட்ட வாகனங்கள் பின்னர் துருப்பிடித்துக் குவிந்து கிடந்ததை நாங்கள் பார்த்தோம். வழமையான வாகனக் காப்புறுதி ஒப்பந்தத்தில் போரால் ஏற்படும் இழப்பு விலக்கப்பட்டிருக்கும். காப்புறுதி என்றாலே சின்ன எழுத்தில் ஒரு விலக்கு இருக்கும் என்ற அவநம்பிக்கை எங்களுக்கு அனுபவத்தால் வந்தது. நிரந்தர முகவரி என்ற கட்டத்துக்கு முன்னால் பேனையுடன் யோசித்து நின்றவர்களும் நாங்கள்தான்.

அந்த அவநம்பிக்கையால் விலகி நிற்பதை விட, கேள்வி கேட்கப் பழகுவது பயன் தரும். புலம்பெயர்ந்த நாட்டில் யாராவது இப்படி ஒரு பஸ் வாங்க யோசித்தால், வாங்க முதலே காப்புறுதி விசாரிக்க வேண்டும். வேலை நடக்கும் காலத்துக்கும் முடிந்த பிறகுக்கும் பாதுகாப்பு எப்படி என்று எழுத்தில் கேட்க வேண்டும். பாரத்தையும் பார்க்க வேண்டும். 1997 ஜனவரிக்குப் பின் அங்கு கார் ஓட்டும் பரீட்சையில் சித்தியடைந்தவருக்குப் பொதுவாக 3,500 கிலோ வரையான வாகனமே அனுமதி. அதற்கு மேல் தனித் தகுதி வேண்டும், அது இல்லாவிட்டால் காப்புறுதியும் கேள்விக்குறியாகும். நிறுவனத்தின் முடிவு நியாயமற்றது என்றால் முதலில் அந்த நிறுவனத்திடமே முறையிட வேண்டும். 8 வாரங்களில் தீர்வு வராவிட்டால், அல்லது வந்த தீர்வு திருப்தியில்லை என்றால், நிதி ஒம்புட்ஸ்மனிடம் இலவசமாக முறையிடலாம். இறுதிப் பதில் கிடைத்து 6 மாதங்களுக்குள் அதைச் செய்ய வேண்டும்.

தனிநபர் கவனமாக இருப்பதால் மட்டும் இது தீராது. கட்டாயம் காப்புறுதி எடு என்று சட்டம் போடும் அரசுக்கு, அதை எடுக்கக்கூடிய வழியைத் திறக்கும் பொறுப்பும் உண்டு. வெளியே போட்ட கோடுகளைப் பார்ப்பதை விட்டு உள்ளே இருக்கும் மின் இணைப்பையும் காஸ் குழாயையும் பரிசோதித்துச் சான்றிதழ் கொடுத்தால், நிறுவனங்களின் பயத்துக்கும் பதில் கிடைக்கும், குடியிருப்பவரின் உயிருக்கும் பாதுகாப்புக் கிடைக்கும். அதுவரை இந்த மக்கள் சட்டத்தின்படி வாகனச் சொந்தக்காரர்களாகவும், காப்புறுதியின் கண்ணில் வீடற்றவர்களாகவும் வாழ வேண்டியிருக்கும்.