கைது விரைவு, தீர்ப்பு தாமதம்: பயங்கரவாதத் தடுப்புச் சட்ட வழக்குகளில் சிறைக்காலமே தண்டனையாகிறதா?

கொல்கத்தா: தெற்கு கொல்கத்தாவின் பவானிபூர் பகுதியில், எல்ஜின் சாலையில் அமைந்துள்ள நேதாஜி பவனில் பழைய வாண்டரர் கார் ஒன்று காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. காவல்துறையின் கண்காணிப்பில் இருந்த அந்த வீட்டிலிருந்து, 1941 ஜனவரி 16-ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின்னர் சுபாஷ் சந்திர போஸ் தப்பிச் சென்றது இந்தக் காரில்தான். அந்தப் பயணம் பாடநூல்களில் இடம்பெற்றுவிட்டது. அதற்கு முன்னர் அவர் அனுபவித்த சிறைக்காலங்கள் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை.

1924 அக்டோபரில் கைது செய்யப்பட்ட போஸ், பர்மாவின் மாண்டலே சிறைக்கு அனுப்பப்பட்டு, 1927 மே மாதம் வரை விசாரணையின்றி அடைக்கப்பட்டிருந்தார். 1940 ஜூலை 2-ஆம் தேதி இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் மீண்டும் கைதானார். நவம்பர் 29-ஆம் தேதி சிறையில் உண்ணாவிரதம் தொடங்கிய பின்னரே, டிசம்பர் 5-ஆம் தேதி வீட்டுக்கு அனுப்பப்பட்டார்.

அவருடைய அண்ணனும் புகழ்பெற்ற வழக்கறிஞருமான சரத் சந்திர போஸின் சிறைவாசத்துக்குத் தமிழ்நாட்டுடன் தொடர்பு உண்டு. 1941 டிசம்பரில் கைதான அவர், திருச்சிராப்பள்ளி, மடிக்கேரி, குன்னூர் ஆகிய இடங்களில் வைக்கப்பட்டு 1945 செப்டம்பரில்தான் விடுவிக்கப்பட்டார். ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் நீடித்த அந்தக் காவலுக்கு எந்த நீதிமன்றத் தீர்ப்பும் அடிப்படையாக இருக்கவில்லை.

அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து முக்கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. இன்று கைது செய்யப்படுபவருக்கு வழக்கறிஞர் உண்டு, நீதிமன்றம் உண்டு, மேல்முறையீடு உண்டு. ஆயினும், பயங்கரவாதத் தடுப்புச் சட்டங்களின்கீழ் கைதாகும் பலருக்குத் தீர்ப்புக்கு முன்பே ஆண்டுகள் சிறையில் கழிந்துவிடுகின்றன. பின்னர் விடுதலையானாலும் அந்த ஆண்டுகள் திரும்பி வருவதில்லை.

இரு வகைக் காவல்கள்

பொதுப் பேச்சில் ஒன்றாகக் கருதப்படும் இரண்டு அதிகாரங்களைப் பிரித்தறிவது அவசியம். முதலாவது தடுப்புக் காவல். தேசியப் பாதுகாப்புச் சட்டம், தமிழ்நாட்டில் குண்டர் சட்டம் என அறியப்படும் 1982-ஆம் ஆண்டுச் சட்டம் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. ஒருவர் இனிமேல் செய்யக்கூடும் என்று கருதப்படும் செயலைத் தடுப்பதற்காக, விசாரணையின்றி 12 மாதங்கள் வரை அவரைக் காவலில் வைக்க இவை இடமளிக்கின்றன. மூன்று மாதங்களுக்கு மேல் காவல் நீடிக்க வேண்டுமெனில் ஆலோசனைக் குழுவின் ஒப்புதல் தேவை.

இரண்டாவது, 1967-ஆம் ஆண்டின் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம். சுருக்கமாக 'உபா' என அழைக்கப்படும் இது, வழக்கு, குற்றப்பத்திரிகை, விசாரணை, தீர்ப்பு என்ற வழக்கமான பாதையில் செல்லும் தண்டனைச் சட்டமாகும். ஆனால், இச்சட்டத்தின்கீழ் ஜாமீன் பெறுவது மிகக் கடினம் என்பதால், விசாரணைக் கைதியின் காவலே தடுப்புக் காவலைவிட நீண்டதாகிவிடுகிறது. 12 மாதங்கள் என்ற உச்ச வரம்பு முன்னதற்கு உண்டு. பின்னதற்கு அத்தகைய வரம்பு எதுவும் இல்லை.

சட்டத்தின் பூட்டு எங்கே உள்ளது?

2008-ஆம் ஆண்டு மும்பை தாக்குதலுக்குப் பின்னர் இச்சட்டத்தில் 43டி பிரிவு சேர்க்கப்பட்டது. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யும் அவகாசத்தை, அரசு வழக்கறிஞரின் அறிக்கையின் பேரில் 90 நாள்களிலிருந்து 180 நாள்களாக நீட்டிக்க நீதிமன்றத்துக்கு இப்பிரிவு அதிகாரம் அளிக்கிறது. முன்ஜாமீனுக்கு இடமில்லை. பயங்கரவாதக் குற்றங்களில், போலீஸ் ஆவணங்களின்படி குற்றச்சாட்டுக்கு முகாந்திரம் உள்ளது என நீதிமன்றம் கருதினால் ஜாமீன் வழங்கக் கூடாது.

இங்குதான் சிக்கல் எழுகிறது. ஜாமீன் கட்டத்தில் நீதிமன்றத்தின் முன் இருப்பவை பெரும்பாலும் புலனாய்வு அமைப்பு தாக்கல் செய்த ஆவணங்கள் மட்டுமே. சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யும் வாய்ப்பு விசாரணை தொடங்கிய பின்னரே கிடைக்கும். அந்த விசாரணை தொடங்குவதற்கே சில ஆண்டுகள் ஆகிவிடுவதுண்டு.

இதற்கு முந்தைய சட்டங்களுடன் ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு புலப்படும். தடா, பொடா ஆகிய இரண்டும் காலக்கெடுவுடன் இயற்றப்பட்டவை; புதுப்பிக்கப்படாவிட்டால் தாமாகவே காலாவதியாகக் கூடியவை. 1985-இல் வந்த தடா 1995-இல் அவ்வாறே முடிவுக்கு வந்தது. பொடா 2004-இல் ரத்து செய்யப்பட்டது. மேலும், பொடாவின்கீழ் ஓராண்டு காவலுக்குப் பின்னர், கடுமையான ஜாமீன் நிபந்தனைகளின்றி விடுதலை கோர வழி இருந்தது. பொடாவின் பயங்கரவாதப் பிரிவுகள் உபா சட்டத்துக்கு மாற்றப்பட்டபோது, காலாவதிக் கெடுவோ ஓராண்டு வாயிலோ உடன் வரவில்லை. போலீஸ் அதிகாரியிடம் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்கும் பிரிவு கைவிடப்பட்டது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

மேற்கு வங்கத்தின் மூன்று வழக்குகள்

இச்சட்டம் நடைமுறையில் எவ்வாறு இயங்குகிறது என்பதை மேற்கு வங்கத்தின் மூன்று வழக்குகள் மூன்று கோணங்களில் காட்டுகின்றன.

முதலாவது, மாவோயிஸ்ட் செய்தித் தொடர்பாளராக அறியப்பட்ட கௌர் சக்ரவர்த்தியின் வழக்கு. மாவோயிஸ்ட் கட்சியை மத்திய அரசு 2009 ஜூன் 22-ஆம் தேதி தடை செய்தது. மறுநாள் கொல்கத்தாவில் ஒரு தொலைக்காட்சி நிலையத்திலிருந்து வெளியே வந்தபோது அவர் கைதானார். 2016 ஜூலையில் கொல்கத்தா நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஏழு ஆண்டுகளுக்கும் மேலான சிறைவாசத்துக்குப் பின்னர், முதுமையில் அவர் வெளியே வந்தார்.

இரண்டாவது, லால்கர் போராட்டத் தலைவர் சத்ரதர் மகாதோவின் வழக்கு. 2009 செப்டம்பரில் கைதான அவருக்கு, 2015 மே மாதம் மேதினிபூர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. 2019 ஆகஸ்டில் கல்கத்தா உயர் நீதிமன்றம் அதை 10 ஆண்டுகளாகக் குறைத்தது. அவருடன் தண்டிக்கப்பட்டவர்களில் இருவரை முற்றிலுமாக விடுவித்தது. மேல்முறையீட்டில் தீர்ப்பு வந்தபோது, குறைக்கப்பட்ட தண்டனைக் காலத்தை மகாதோ ஏறத்தாழ முழுமையாகச் சிறையில் கழித்துவிட்டிருந்தார்.

மூன்றாவது, பர்த்வான் மாவட்டம் காக்ராகரில் 2014 அக்டோபர் 2-ஆம் தேதி ஒரு வீட்டில் நிகழ்ந்த குண்டுவெடிப்பு. இதில் இருவர் உயிரிழந்தனர். தேசியப் புலனாய்வு முகமை நடத்திய விசாரணையில் வங்கதேசத்தின் ஜமாத்-உல்-முஜாகிதீன் அமைப்பின் வலைப்பின்னல் வெளிப்பட்டது. 2019 ஆகஸ்டில் 19 பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றனர். 2021 பிப்ரவரியில், மற்றொரு முக்கியக் குற்றவாளிக்கு 29 ஆண்டுகள் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

கடுமையான சட்டம் ஏன் தேவை என்று அரசுத் தரப்பு முன்வைக்கும் வாதத்துக்கு மூன்றாவது வழக்கு வலுச்சேர்க்கிறது. எல்லை கடந்த வலைப்பின்னல்களைத் துலக்க 90 நாள்கள் போதாது. வெளியே வரும் குற்றவாளி சாட்சிகளை அச்சுறுத்தக் கூடும் என்ற கவலை பொய்யானதன்று. ஆயினும், அதே பூட்டுத்தான் முதல் வழக்கின் முதியவரையும் ஏழு ஆண்டுகள் அடைத்து வைத்தது. குண்டு தயாரித்தவரையும், குற்றம் நிரூபிக்கப்படாமல் விடுதலையாகப் போகிறவரையும் ஜாமீன் கட்டத்தில் பிரித்தறியும் வழிமுறை சட்டத்தில் போதுமானதாக இல்லை என்பதே இவ்வழக்குகளிலிருந்து பெறப்படும் முடிவு.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

2018 முதல் 2020 வரையிலான மூன்று ஆண்டுகளில் உபா சட்டத்தின்கீழ் 4,690 பேர் கைது செய்யப்பட்டதாகவும், 149 பேர் தண்டிக்கப்பட்டதாகவும் மத்திய உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. 2016 முதல் 2020 வரையிலான ஐந்து ஆண்டுகளில் 5,027 வழக்குகள் பதிவாகின. 212 பேர் தண்டனை பெற்றனர். 386 பேர் விடுதலையாயினர் என்பது மற்றொரு பதிலில் கிடைத்த தகவல்.

இவ்வெண்களை எச்சரிக்கையுடன் படிக்க வேண்டும். ஓராண்டில் கைதானவர் வேறோர் ஆண்டில்தான் தீர்ப்பைப் பெறுகிறார். எனவே, கைது எண்ணிக்கையைத் தண்டனை எண்ணிக்கையால் நேரடியாக வகுத்து, எஞ்சியோர் அனைவரும் நிரபராதிகள் எனக் கூற முடியாது. ஆனால், இரண்டு செய்திகள் ஐயமின்றி வெளிப்படுகின்றன. தீர்ப்பு பெற்றவர்களில் மூவருக்கு ஏறத்தாழ இருவர் விடுதலையாகியுள்ளனர். கைதாவோரின் எண்ணிக்கைக்கு முன்னால் தீர்ப்பு பெறுவோரின் எண்ணிக்கை மிகச் சிறியது.

தேசியப் புலனாய்வு முகமை விசாரிக்கும் வழக்குகளில் தண்டனை விகிதம் 90 விழுக்காட்டுக்கும் அதிகம் என அரசு சுட்டிக்காட்டுகிறது. இதுவும் முடிவடைந்த வழக்குகளை வைத்துக் கணக்கிடப்படும் விகிதமே. நிலுவையில் உள்ளவற்றைப் பற்றி அது எதுவும் கூறுவதில்லை.

தமிழ்நாட்டின் அனுபவம்

இக்கேள்வி தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. ராஜீவ் காந்தி கொலை வழக்கில், 1998 ஜனவரியில் பூந்தமல்லி தடா நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே 11-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரை விடுவித்ததுடன், தடா சட்டத்தின் பயங்கரவாதக் குற்றப் பிரிவுகள் இவ்வழக்குக்குப் பொருந்தா எனவும் கூறியது.

2002 ஜூன் மாதம் திருமங்கலத்தில் ஆற்றிய உரைக்காக, மதிமுக பொதுச்செயலாளர் வைகோ அதே ஆண்டு ஜூலை 11-ஆம் தேதி பொடாவில் கைதானார். 19 மாதங்கள் வேலூர் சிறையில் இருந்த பின்னர், 2004 பிப்ரவரியில் ஜாமீனில் வெளிவந்தார். இதற்கிடையே 2003 டிசம்பரில் பொடா செல்லும் எனத் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பயங்கரவாதத்துக்கு உதவும் நோக்கமின்றித் தார்மிக ஆதரவு தெரிவிப்பது மட்டுமே குற்றமாகாது என விளக்கம் அளித்தது. அந்த விளக்கம் வந்தபோது அவர் சிறையில் 17 மாதங்களைக் கழித்திருந்தார்.

திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் பிறந்து, ஜார்க்கண்டில் பழங்குடியினரிடையே பணியாற்றிய பாதிரியார் ஸ்டேன் சுவாமி, பீமா கோரேகான் வழக்கில் 2020 அக்டோபர் 8-ஆம் தேதி கைதானார். ஜாமீன் மனு நிலுவையில் இருந்தபோதே, 2021 ஜூலை 5-ஆம் தேதி 84-ஆவது வயதில் மும்பையில் உயிரிழந்தார். அவர்மீதான குற்றச்சாட்டு உண்மையா என்பதை எந்த நீதிமன்றமும் விசாரித்து முடிக்கவில்லை.

உச்ச நீதிமன்றத்தின் இரு குரல்கள்

இவ்விவகாரத்தில் உச்ச நீதிமன்றத்தின் அணுகுமுறை ஒரே சீராக இருந்ததில்லை. 2019 ஏப்ரலில் வட்டாலி வழக்கில், ஜாமீன் கட்டத்தில் சாட்சியங்களை விரிவாக ஆராயக் கூடாது என அது கூறியது. 2021 பிப்ரவரியில் நஜீப் வழக்கில், விசாரணை உரிய காலத்தில் முடியாது எனத் தெரிந்தால், 43டி பிரிவு இருந்தாலும் அடிப்படை உரிமையின் பெயரில் ஜாமீன் வழங்கலாம் என்றது. 2023 ஜூலையில் வெர்னான் கோன்சால்வஸ் வழக்கில், ஆதாரங்களின் தரத்தை மேலோட்டமாகவேனும் எடைபோட வேண்டும் என்றது.

2024-ஆம் ஆண்டில் இந்த முரண் மேலும் கூர்மையடைந்தது. பிப்ரவரியில் குர்விந்தர் சிங் வழக்கில், உபா சட்டத்தின்கீழ் ஜாமீன் விதிவிலக்கே என ஓர் அமர்வு கூறியது. ஆகஸ்டில் ஜலாலுதீன் கான் வழக்கில், சிறப்புச் சட்டங்களிலும் ஜாமீனே விதி, சிறை விதிவிலக்கு என வேறோர் அமர்வு கூறியது. 2020 டெல்லி கலவரச் சதி வழக்கில், 2026 ஜனவரி 5-ஆம் தேதி ஐவருக்கு ஜாமீன் வழங்கிய உச்ச நீதிமன்றம், உமர் காலித், ஷர்ஜீல் இமாம் ஆகிய இருவருக்கும் மறுத்தது.

இதன் விளைவாக, எத்தனை ஆண்டுகள் காத்திருந்தால் தாமதம் அநீதியாகும் என்பதற்குத் தெளிவான அளவுகோல் இன்னும் உருவாகவில்லை. அதே வேளையில், நடைமுறைப் பாதுகாப்புகள் வலுப்பெற்றுள்ளன. கைதுக்கான காரணங்களை எழுத்துமூலம் வழங்க வேண்டும் என 2024 மே மாதத்திலும், வழக்குத் தொடர அரசு அனுமதி அளிப்பதற்கான கால வரம்புகளைக் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும் என அதே ஆண்டு செப்டம்பரிலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

என்ன செய்ய இயலும்?

பிற நாடுகளும் இதே சிக்கலை எதிர்கொள்கின்றன. பிரிட்டனில் பயங்கரவாதச் சந்தேகத்தில் கைதானவரைக் குற்றஞ்சாட்டாமல் 14 நாள்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. இலங்கையில், தமிழர்கள் நன்கறிந்த 1979-ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ், தடுப்புக் காவல் உத்தரவின் உச்ச வரம்பு 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 18 மாதங்களிலிருந்து 12 மாதங்களாகக் குறைக்கப்பட்டது.

இந்தியாவில் தீர்வுக்கான முன்மாதிரிகளை வெளியே தேட வேண்டிய தேவையில்லை. குறிப்பிட்ட காலத்துக்குப் பின்னர் ஜாமீன் நிபந்தனைகளைத் தளர்த்தும் வழி பொடாவிலேயே இருந்தது. தவறான வழக்குகளால் பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கச் சட்டம் இயற்ற வேண்டும் என, 2018 ஆகஸ்டில் அளித்த 277-ஆவது அறிக்கையில் சட்ட ஆணையம் பரிந்துரைத்தது. சிறப்பு நீதிமன்றங்களின் எண்ணிக்கையை உயர்த்தி, விசாரணையை நாள்தோறும் நடத்துவது குற்றவாளிகளைத் தண்டிக்க விரும்பும் அரசுக்கும் நன்மையே தரும். காலம் செல்லச் செல்ல சாட்சிகளின் நினைவு மங்குகிறது.

ஒரு கைது செய்தியாகும்போது முதல் நாளில் அது தலைப்பைப் பிடிக்கிறது. ஏழு ஆண்டுகள் கழித்து வரும் விடுதலைத் தீர்ப்பு உள்பக்கத்தில் சில வரிகளோடு முடிந்துவிடுகிறது. எனவே, இச்சட்டத்தின் வெற்றியைக் கைது எண்ணிக்கையால் அளக்கும் பழக்கம் அரசிடம் மட்டுமன்றி, ஊடகங்களிடமும் வாசகர்களிடமும் உள்ளது. எத்தனை பேர் பிடிபட்டனர் என்பதுடன், அவர்களில் எத்தனை பேரின் வழக்கு எத்தனை ஆண்டுகளில் எவ்வாறு முடிந்தது என்பதையும் ஆண்டுதோறும் தனித்தனியே வெளியிட்டால், இச்சட்டம் யாரைத் தண்டிக்கிறது என்ற கேள்விக்கு நாடு விடை காண இயலும்.