குளச்சலுக்கு ‘முதல்’ பட்டம் தேவையில்லை

ஆகஸ்ட் வந்தா போதும், நம்ம வாட்ஸ்அப் குரூப்ல அந்த ஃபார்வர்டு வந்துடும். “ஐரோப்பியரை ஆசியாவிலேயே முதன்முதலில் வீழ்த்திய குளச்சல் போர்! ஷேர் பண்ணுங்க தமிழா!” சில வருஷம் ஜூலை 31-லயே வந்துடும், ஏன்னா போர் நடந்த நாளா அந்தத் தேதியும் சொல்லப்படுது, ஆகஸ்ட் 10-ம் சொல்லப்படுது. வருஷம் மட்டும் 1741-தான், அதுல குழப்பமில்ல.

குழப்பம் ‘முதன்முதலில்’ங்கற வார்த்தையிலதான். 1662-லயே கோக்சிங்காங்கற சீனத் தளபதி இதே டச்சுக் கம்பெனியைத் தைவானை விட்டு வெளியேத்திட்டார். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். பக்கத்துல இலங்கையில, 1638-ல கன்னொறுவையில கண்டி அரசன் இரண்டாம் ராஜசிங்கன் போர்ச்சுகீசியப் படையை நொறுக்கியிருக்கான். அப்போ குளச்சல் முதலாவது கிடையாது. அதனால அது சின்ன விஷயம்னு நான் சொல்லல. பொய்யான பட்டத்தை ஒட்டி ஒட்டியே உண்மையான கதையை நாம படிக்காம விட்டுட்டோம், அதுதான் என் வருத்தம்.

உண்மையில நடந்தது என்ன? சண்டை மிளகுக்காக. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மா பக்கத்து சிற்றரசுகளை ஒவ்வொண்ணா சேர்த்துக்கிட்டே போக, டச்சுக்காரர்களோட மிளகு ஒப்பந்தங்கள் ஆட்டம் கண்டுச்சு. இலங்கையில கவர்னரா இருந்த வான் இம்ஹாஃப் நேர்ல வந்து மிரட்டிப் பார்த்தார், பலிக்கல. 1741 தொடக்கத்துல இலங்கையிலிருந்து படை வந்து குளச்சல்ல இறங்குச்சு. இடம் சரியான தேர்வுதான். கப்பல் நிக்கத் தோதான கடல், அங்கிருந்து தலைநகர் பத்மநாபபுரம் சில மணி நேர நடை.

ஆனா அவங்களுக்கு நேரம் சரியில்ல. ஜாவாவுல அப்போ பெரிய கலகம் ஓடிக்கிட்டிருந்தது, பத்தேவியாவிலிருந்து உதவிப்படை வரல. அப்புறம் ஆடி மாசக் கடல். மேற்குக் கரையில தென்மேற்குப் பருவக்காத்து அடிக்கிறப்போ கடல் எப்படி இருக்கும்னு குளச்சல் பசங்களைக் கேளுங்க. நம்ம குமரி மாவட்டத்துல மீன்பிடித் தடைக்காலமே ரெண்டு: கிழக்குப் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14, குளச்சல் இருக்கிற மேற்குப் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31. ஒரே மாவட்டம்தான், ஆனா ரெண்டு கடல்! இன்னிக்கு விசைப்படகுக்கே யோசிக்கிற அந்த மாசங்கள்ல, பாய்மரக் கப்பலை நம்பிக் கரையில கோட்டை போட்டு உட்கார்ந்திருந்த படையோட நிலைமையை நினைச்சுப் பாருங்க. அந்த முற்றுகைக்குள்ள அரிசியும் வெடிமருந்தும் இருந்த இடத்துல தீப்பிடிச்சது. சரணடைஞ்சாங்க.

இதுல மன்னரோட திறமை இல்லையான்னு கேட்டா, இருக்கு. ஆனா கடலும் அந்தக் கரையோரச் சனங்களும் இந்தக் கதையில எங்கே? பனந்தடிகளை மாட்டுவண்டியில ஏத்தி பீரங்கி மாதிரி நிறுத்தி டச்சுக்காரனை ஏமாத்தினாங்கன்னு ஊர்ல ஒரு கதை உண்டு. மீனவர்கள் துடுப்பைத் துப்பாக்கி மாதிரி தோள்ல வச்சு வரிசையா நின்னாங்கன்னு இன்னொண்ணு. அப்படியே நடந்துச்சோ இல்லையோ, அந்த மக்கள் தங்களை அந்தப் போருக்குள்ள எங்கே வச்சுப் பார்க்கிறாங்கன்னு இந்தக் கதைகள் சொல்லுது. வெற்றித்தூண் அவங்க ஊர்லதான் நிக்குது, ஃபார்வர்டுல அவங்க பேர் வர்றதே இல்ல.

ஜெயிச்ச பிறகு மிளகு என்ன ஆச்சுன்னும் யாரும் ஷேர் பண்றதில்ல. விவசாயிக்கு விடுதலை வந்துடல. மிளகு வியாபாரம் அரசாங்கத்தோட ஏகபோகமாச்சு. பிடிபட்ட டிலனாய் அதே மன்னரோட படைத்தலைவரா மாறி, ஐரோப்பிய முறையில படையைப் பழக்கி, உதயகிரிக் கோட்டையில பீரங்கி வார்க்கிற அளவுக்குப் போயிட்டார். 1777-ல இறந்த அவரோட கல்லறை புலியூர்க்குறிச்சியில அந்தக் கோட்டைக்குள்ளதான் இருக்கு, கல்வெட்டு லத்தீன்லயும் தமிழ்லயும். தோத்தவன் ஜெயிச்சவனோட தளபதி! இதை விட்டுட்டு ‘முதல்’னு சண்டை போடுறோம்.

இன்னொரு சிக்கல், இந்தக் கதை யாருக்கும் முழுசா சொந்தமில்லாம கிடக்கு. மன்னர் கேரள வரலாற்றுப் பாடத்துல. மண் 1956 நவம்பர் 1-லிருந்து தமிழ்நாட்டுல. பத்மநாபபுரம் அரண்மனை நம்ம மாவட்டத்துல இருந்தாலும் பராமரிக்கிறது கேரள அரசு. நடுவுல விழுந்த கதையை ஃபார்வர்டுக்காரங்க எடுத்துக்கிட்டாங்க.

நம்ம காலேஜ்ல குளச்சல், முட்டம், கடியபட்டணம்னு கடற்கரைப் பசங்க நிறைய இருக்கீங்க. அடுத்த லீவுல தாத்தா பாட்டிகிட்ட இந்தக் கதையைக் கேட்டு போன்ல ரெக்கார்டு பண்ணுங்க. ஆடிக் கடல் பத்தியும் சேர்த்துக் கேளுங்க. நம்ம மெக்கானிக்கல் பசங்க உதயகிரிக்கு ஒரு நடை போய், பீரங்கியை எப்படி வார்த்திருப்பாங்கன்னு எழுதினா இந்த இதழ்லயே போடலாம். பஸ் தக்கலை வழியாத்தான் போகுது, டிக்கெட் பெருசா ஒண்ணும் ஆகாது.