ஆளைக் குறைத்தோம், வேலையைக் குறைத்தோமா?



பெரம்பூர் பின்னி மில் 1996-ல் மூடப்பட்டபோது வேலை இழந்தவர்களின் நிலையை வடசென்னை வணிகர்கள் நேரில் கண்டோம். அந்தக் குடும்பங்களின் கஷ்டம் மளிகைக் கடைக் கடன் நோட்டிலேயே தெரிந்தது. அதன் பிறகும் நம் பகுதியில் எத்தனையோ ஆலைகளில் ஆட்குறைப்பும் விருப்ப ஓய்வும் நடந்தன. வெளியே அனுப்பப்பட்டவர்களுக்காகப் பரிதாபப்பட்டோம். ஆனால் உள்ளே மிஞ்சியவர்கள் என்ன ஆனார்கள் என்று நாம் கேட்டதில்லை. வேலை தப்பியதே, அவர்கள் அதிர்ஷ்டசாலிகள் என்று நினைத்து விட்டோம். அது தவறான கணக்கு என்பதே இக்கட்டுரையின் கருத்து.

நம் கடைகளில் தலைமுறை தலைமுறையாக எவரெடி பேட்டரி விற்றிருக்கிறோம். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் அதற்குத் தொழிற்சாலையே இருந்தது. அந்நாளில் அதன் உரிமையாளர் யூனியன் கார்பைடு இந்தியா கம்பெனி. அதே கம்பெனியின் போபால் பூச்சிமருந்து ஆலையில்தான் 1984 டிசம்பர் 2-ம் தேதி நள்ளிரவில் விஷவாயு கசிந்தது. அரசுக் கணக்கின்படியே ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

அந்த ஆலையில் அதற்கு முந்தைய சில ஆண்டுகளாக விற்பனை சரிந்து நஷ்டம் ஏற்பட்டிருந்தது. செலவைக் குறைக்க ஆட்களைக் குறைத்தார்கள். விஷவாயுப் பிரிவில் ஒரு ஷிப்டுக்கு 12 பேர் பார்த்த வேலையை 6 பேர் பார்க்க வேண்டியதாயிற்று. வாயுவைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும் இயந்திரத்தையும் நிறுத்தி வைத்தார்கள். ஆள் பாதியானதால் ஆபத்து பாதியாகவில்லை. அதைக் கவனிக்கும் கண்கள்தான் பாதியாயின.

போபால் பெரிய ஆலை, நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். பின்லாந்து நாட்டில் 1990-களின் தொடக்கத்தில் கடும் பொருளாதார மந்தம் ஏற்பட்டு, நகராட்சிகளில் ஆட்குறைப்பு செய்தார்கள். 10 நகரங்களில் வேலையில் நீடித்த 22,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களைப் பல ஆண்டுகள் கவனித்து, 2004-ல் மருத்துவ ஆய்வு ஒன்றை வெளியிட்டார்கள். நூற்றுக்கு 18 பேருக்கு மேல் குறைத்த இடங்களில், மிஞ்சியவர்கள் இருதய, ரத்தக்குழாய் நோயால் இறப்பது இரண்டு மடங்காக இருந்தது. அங்கே விஷவாயுவும் இல்லை, மூட்டையும் இல்லை. அவர்கள் நகராட்சி ஊழியர்கள். வேலைச் சுமையும், அடுத்தது நாமோ என்ற அச்சமும் மனிதனை உள்ளிருந்தே அரிக்கின்றன.

மற்றவர் கதை போதும். நம் கிடங்கில் நடந்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் வியாபாரம் மந்தமானபோது, மூலக்கொத்தளத்தில் உள்ள நமது பருப்புக் கிடங்கில் ஆறு சுமை தூக்குவோரை நான்காக்கினோம். லாரி வரத்து ஓரளவே குறைந்தது. ஒருநாள் மாலை, இருட்டுவதற்குள் இறக்கிவிட வேண்டும் என்று அவசரப்படுத்தியது நாமேதான். மேல் அடுக்கிலிருந்து மூட்டை சரிந்து ஒருவர் காலில் விழுந்தது. எலும்பு முறிந்து மூன்று மாதம் படுத்துவிட்டார். பார்க்கப் போனபோதுதான் தெரிந்தது, அவருக்குப் பல வாரங்களாகவே முதுகு வலி. ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். "வாயத் தொறந்தா என்னையும் நிறுத்திடுவீங்களோன்னு பயந்துட்டேன் மொதலாளி" என்றார். இரண்டு பேர் கூலியில் மிச்சம் பிடித்த பணத்தைவிட வைத்தியத்துக்கும் மாற்று ஆளுக்கும் ஆன செலவு அதிகம். அந்தப் பதில் தந்த வெட்கத்துக்குக் கணக்கு எழுதப் பேரேட்டில் பக்கமில்லை.

வணிகர்களின் சிரமம் நமக்குத் தெரியாததல்ல. பெரிய அங்காடிகளும், கைபேசியில் ஆர்டர் எடுத்து வீட்டு வாசலில் சரக்கு இறக்கும் நிறுவனங்களும் வந்தபின் சில்லறை விற்பனை குறைந்தது. அதனால் மொத்த வியாபாரமும் அடிபட்டது. ஆளே குறைக்கக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. ஆளைக் குறைக்கும்போது வேலையையும் குறையுங்கள் என்றே சொல்கிறோம்.

பெரிய ஆலைகள் ஆட்குறைப்பு செய்ய அரசிடம் முன் அனுமதி பெற வேண்டும். முன்பு 100 தொழிலாளர் உள்ள ஆலைகளுக்கே இருந்த அந்த விதி, 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த புதிய சட்டத்தொகுப்பின்படி 300 பேர் உள்ள ஆலைகளுக்கென்று ஆகிவிட்டது. நான்கு பேர், ஐந்து பேர் வேலை செய்யும் கடைக்கு அந்தத் தடை என்றுமே இருந்ததில்லை. நமக்கு நம் மனசாட்சிதான் சட்டம். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழக அரசு சட்டம் செய்தது. நாமும் நாற்காலி வாங்கிப் போட்டோம். ஆளைக் குறைத்த கடைகளில் அந்த நாற்காலி காலியாகவே கிடக்கிறது. உட்கார நேரம் ஏது?

எனவே உறுப்பினர்கள் நான்கு காரியங்களைக் கடைப்பிடிக்க வேண்டுகிறோம். ஒருவரை நிறுத்துமுன் அவர் செய்துவந்த வேலைகளைத் தாளில் எழுதி, எதை விடுவது, எதை யார் செய்வது என்று முடிவு செய்யுங்கள். ஆள் குறைவான நாளில் ஒரு லாரியை மறுநாளுக்குத் தள்ளி வையுங்கள். மூட்டை அடுக்கின் உயரத்தையும் குறையுங்கள். உடம்பு முடியவில்லை என்று சொல்பவரின் வேலை போகாது என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். பக்கத்துப் பக்கத்துக் கிடங்குக்காரர்கள் பேசி வைத்துக்கொண்டு, லாரி வரும் நாளில் ஆட்களைப் பகிர்ந்து கொள்ளுங்கள். நம் சங்கமும் ஆண்டுக்கு ஒருமுறையாவது கடை ஊழியர்களுக்கும் சுமை தூக்குவோருக்கும் மருத்துவ முகாம் நடத்த ஆவன செய்ய வேண்டும்.

நம் கிடங்கில் இப்போது ஐந்து பேர் இருக்கிறார்கள். கால் முறிந்தவரும் அவர்களில் ஒருவர். மூட்டை தூக்க முடியாததால் எடை போட்டுக் கணக்கு எழுதுகிறார். இருட்டிய பிறகு லாரி வந்தால், காலையில் இறக்கலாம் என்று இப்போது அவரே டிரைவரிடம் சொல்லி விடுகிறார். நாம் தடுப்பதில்லை.